நாய் குரைத்தால் நம்ப வேண்டும்: வத்தல்மலையில் நாய் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பால்சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றிக்காடு, பெரியூர், நாயக்கனூர் முதலாக வத்தல்மலையின் எல்லா ஊர்களிலும் நாய் வளர்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

நான் தருமபுரிப் பக்கத்துக் கீழ்நாட்டுக்காரன். நாய்களோடு வளர்ந்தவன். உங்கள் மலைக்கு அடிக்கடி ஏறி வருகிறவன். உங்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்கவே இந்த மடல். நேற்று ராத்திரி உங்கள் நாய் குரைத்தபோது எழுந்து போய்ப் பார்த்தீர்களா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை என்பதே பதிலாக இருக்கும். “அது எப்பவும் அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் குரைக்கும்” என்று சொல்லிப் புரண்டு படுத்திருப்பீர்கள். நாய்மேல் தப்பும் இல்லை, உங்கள்மேல் குறையும் இல்லை. ஆனால் நட்டம் உங்களுக்குத்தான். சாமையும் கேழ்வரகும் கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றி கொல்லைக்குள் இறங்கினால் முதலில் தெரிந்துகொள்வது நாய். ஆட்டுப்பட்டியை நோக்கி எது வந்தாலும் முதலில் மோப்பம் பிடிப்பது நாய். அந்த நாயின் குரலை வீட்டுக்காரரே நம்பாத நிலை வந்துவிட்டால், சோறு போட்டு வளர்த்தும் காவல் இல்லாத வீடாகிவிடும். பகலெல்லாம் காரணமில்லாமல் குரைக்கும் நாயின் குரலுக்கு ராத்திரியில் மதிப்பு இருக்காது. ஆகவே குரைப்பைக் குறைப்பது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்காக மட்டுமல்ல, உங்கள் வெள்ளாமைக்காகவும்தான்.

காவல் நாயின் பெருமையை நம் பகுதிக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரி, செங்கம் வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவலாக நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண் இது. கள்ளன் யார், வீட்டாள் யார் என்று பிரித்தறிந்த நாய்க்குக் கிடைத்த மரியாதை அது. காவல் நாய்க்கு வேண்டியது அந்தப் பிரித்தறியும் குணம்தான். ஓயாமல் கத்தும் தொண்டை அல்ல.

உங்கள் மலையில் அந்தக் குணம் மங்கிவருவதற்கு ஒரு காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். சாலை வளைவை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்தின் வாசலில், சில்வர் ஓக் மரத்தில் ஒரு நாயைக் கட்டியிருந்தார்கள். சங்கிலி இரண்டு முழம் இருக்கும். மரத்தைச் சுற்றி அந்தச் சங்கிலி எட்டும் தூரம் வரை புல் பூண்டே இல்லை. வட்டமாக மண் தேய்ந்து கெட்டிப்பட்டுப் பளபளத்தது. வட்டத்துக்கு வெளியே செண்டுமல்லி பூத்துக் கிடந்தது. நாயின் கழுத்தில் பட்டை உரசிய இடத்தில் மயிர் உதிர்ந்திருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து வட்டத்துக்கு வெளியே உருண்டு கிடந்தது. கீழேயிருந்து ஒரு பைக் ஏறி வந்தது. நாய் சங்கிலி இழுபடும் வரை பாய்ந்து குரைத்தது. பைக் வளைவில் வேகம் குறைத்து, ஆரன் அடித்து, திரும்பிப் போய்விட்டது. நாய் வாலை உயர்த்தி நின்று இன்னும் நாலு தடவை குரைத்தது. அடுத்து ஒரு கார் வந்தது. அதேதான் நடந்தது.

அங்கே நடந்ததை நாயின் பக்கமிருந்து பாருங்கள். ஏதோ ஒன்று சத்தத்தோடு நம் எல்லைக்கு வருகிறது. குரைக்கிறோம். அது ஓடிவிடுகிறது. வண்டி எப்படியும் போகத்தான் போகிறது என்பது நாய்க்குத் தெரியாது. தான் குரைத்ததால்தான் அது போனது என்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வண்டியும் அதற்கு ஒரு வெற்றி. வண்டிப் பாதை இல்லாத காலத்தில் ஒரு நாளில் எத்தனை அந்நியர் மலையேறியிருப்பார்கள்? இன்று பேருந்து வருகிறது; சனி ஞாயிறுகளில் மூடுபனி பார்க்க வரும் பைக்குகளுக்கும் கார்களுக்கும் குறைவில்லை. சாலையைப் பார்த்துக் கட்டப்பட்ட நாய், குரைத்தால் பலன் உண்டு என்ற பாடத்தை நாள் முழுவதும் படித்துக்கொண்டிருக்கிறது. அதட்டினால் அந்தப் பாடம் அழியாது. வீட்டுக்குள்ளிருந்து “ஏய், சும்மா இரு!” என்று நீங்கள் கத்தினால், எசமானும் கூடச் சேர்ந்து குரைக்கிறார் என்று நினைத்து அது இன்னும் உற்சாகமாகும்.

குரைப்பு எல்லாம் ஒன்றல்ல. அதைப் பிரித்துக் கேட்கப் பழகுவதுதான் முதல் வேலை. அந்தத் திறமை நம் எல்லோர் காதிலும் ஏற்கெனவே இருக்கிறது. அங்கேரியின் தலைநகர் புடாபெசுட்டில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் “முடி” என்னும் ஆடு மேய்க்கும் நாய்களின் குரைப்புகளைப் பல சூழ்நிலைகளில் பதிவு செய்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியரைப் பார்த்துக் குரைத்ததா, தனியே கட்டிவைத்தபோது குரைத்ததா, விளையாட்டில் குரைத்ததா என்று கேட்டார்கள். நாய் வளர்த்தவர், வளர்க்காதவர் என்ற வேறுபாடு அதிகம் இல்லாமல் பலரும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களாலும் அது முடிந்தது. இந்த ஆய்வு 2005 முதல் பல கட்டங்களாக வெளிவந்தது. 2002இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோபியா யின் செய்த ஆய்வும் குரைப்பு சூழ்நிலைக்கு ஏற்ப மாறுவதைக் காட்டியது. ஓநாய்க் குட்டி குரைக்கும். வளர்ந்த ஓநாய் அபூர்வமாகத்தான் குரைக்கும். மனிதரோடு வாழ வந்த நாயிடம்தான் குரைப்பு இவ்வளவு பெருகியது. நம்மிடம் ஏதோ சொல்வதற்காக வளர்ந்த குரலாக அது இருக்கலாம்.

வீட்டில் இருந்தபடியே இப்படிக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த, கரகரத்த குரலில், இடைவெளி விடாமல் அடுக்கி வந்தால் அது எச்சரிக்கை. யாரோ, எதுவோ எல்லைக்குள் வந்திருக்கிறது. நாயின் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், வால் நிமிர்ந்திருக்கும். இதுதான் உங்களுக்கு வேண்டிய குரைப்பு. இதற்கு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

குரைத்துக்கொண்டே பின்வாங்கினால், வால் கால்களுக்கிடையே போனால், காது பின்னால் மடங்கினால் அது பயம். பார்க்கிறவருக்கு மூர்க்கமாகத் தெரியும். உள்ளே நடுக்கம். பயந்த நாயை அடித்தால் பயம் இரட்டிக்கும். தப்பிக்க வழியில்லாவிட்டால் கடிக்கும்.

ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு, கொஞ்சம் மேல் சுருதியில், மணிக்கணக்காக ஒரே மாதிரி வந்தால் அது தனிமை. பல நேரம் ஊளையில் போய் முடியும். வீட்டார் எல்லோரும் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்ட மார்கழி, தை மாதப் பகல்களில் மலையில் கேட்பது பெரும்பாலும் இதுதான். நாய் கூட்டமாக வாழும் பிராணி. அதைக் கட்டிவிட்டுப் பொழுது சாயும் வரை போய்விட்டால் அதற்குச் செய்ய வேறு வேலையே இல்லை.

உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு குரைப்பு, சற்று நிறுத்தம், காது கொடுத்தல், மறுபடி ஒரு குரைப்பு என்று வந்தால் அது எதையோ கேட்கிறது. களி கிண்டும் நேரத்தில் அடுப்படி வாசலில் நின்று குரைக்கும் நாயை எல்லோருக்கும் தெரியும்.

ஒன்று குரைத்தால் ஊரே குரைப்பது இன்னொரு வகை. ஓர் ஊரில் எழும் குரல் பள்ளத்தைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும் மலையில் இது சீக்கிரம் பரவும். தொடங்கி வைக்கும் நாய் ஒன்றிரண்டுதான் இருக்கும். அவற்றைச் சரிசெய்தால் பாதி சத்தம் தானாகக் குறையும்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். முதலில் கட்டும் இடத்தை மாற்றுங்கள். சாலையைப் பார்த்துக் கட்டியிருக்கும் நாயை வீட்டின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கொண்டுபோய்க் கட்டுங்கள். முடியாவிட்டால் சாலைக்கும் நாய்க்கும் நடுவே தட்டியோ, நிழல்வலையோ, பழைய தார்ப்பாயோ கட்டி மறையுங்கள். காதுக்குக் கேட்டாலும் கண்ணுக்குத் தெரியாதபோது பாய்ச்சல் குறையும். காவல் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நாயின் காவல் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. மனிதர் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதியெல்லாம் அதற்குக் கேட்கும். தட்டிக்குப் பின்னால் இருந்தாலும் பன்றி வந்தால் அதற்குத் தெரியும்.

அடுத்தது சங்கிலி. கட்டாமல் விட முடியாது என்று சொல்வீர்கள். கோழியைப் பிடிக்கும், காட்டுக்குள் போய்விடும், பேருந்தில் அடிபடும் என்ற கவலையெல்லாம் நியாயமானது. நாய் காட்டுக்குள் திரிவதும் நல்லதல்ல. மானைத் துரத்தும், நாய்க்கு வரும் நோயைக் காட்டு விலங்குகளுக்கும் கொண்டுபோகும். ஆனால் கட்டுவதிலும் முறை இருக்கிறது. இரண்டு மரங்களுக்கிடையே ஆள் உயரத்துக்கு மேல் உறுதியான கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். அதில் ஒரு வளையத்தைக் கோத்துச் சங்கிலியை அந்த வளையத்தில் மாட்டுங்கள். நாய் கம்பியின் நீளம் முழுக்க நடக்கும், ஓடும், நிழல் தேடிப் போகும். மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாதபடி இரண்டு பக்கமும் மரத்துக்கு முன்னாலேயே கம்பியில் தடுப்பு வையுங்கள். தாண்டிக் குதித்துத் தொங்கும்படி வேலியோ திண்ணையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் கொக்கி கடைகளில் கிடைக்கிறது. தண்ணீர்ச் சட்டியைக் கவிழாதபடி மண்ணில் பாதி புதைத்து வையுங்கள். ஒரு நாள் காலை வேலையில் முடிகிற காரியம் இது.

கட்டியிருக்கும் நாயைத் தினமும் இரண்டு வேளை அவிழ்த்துக் கூட்டிப் போக வேண்டும். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாமல், அது நின்று மோந்து பார்க்க நேரம் கொடுங்கள். மோப்பம் நாய்க்குப் பெரிய வேலை. அதில் மூளை களைத்த நாய் சுருண்டு படுத்துத் தூங்கும். தோட்டத்துக்குப் போகும்போது கூடவே கூட்டிப் போய் நிழலில் கட்டிக்கொண்டால் தனிமைக் குரைப்பு பெரும்பாலும் தீர்ந்தது. கூட்டிப் போக முடியாத நாட்களில் களியை ஒரே உருண்டையாகப் போடாமல் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டிப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள். தேங்காய்ச் சிரட்டைக்குள் சோற்றை அப்பிக் கொடுங்கள். தேடித் தின்பதில் அரை மணி நேரம் போகும். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உங்கள் மலைக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காப்பிக் கொட்டையில் உள்ள காஃபீன் நாய்க்கு நஞ்சு. அதைத் தின்ற நாய் நிலைகொள்ளாமல் அலையும், மூச்சிரைக்கும், இதயம் படபடக்கும், அளவு மிஞ்சினால் சாகும். காப்பி உலர்த்தும் களத்தில் நாயைக் கட்டாதீர்கள்.

வண்டியைக் கண்டால் பாயும் நாய்க்குப் பழக்கம் மாற்ற ஒரு வழி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். சாலை தெரியும், ஆனால் நாய் பதறாத தூரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். வண்டி தெரிந்தவுடன், நாய் குரைக்கும் முன்பே, அதற்குப் பிடித்த ஒரு துண்டைக் கொடுங்கள். கருவாட்டுத் தலையோ, முட்டைத் துணுக்கோ, கோழி ஈரலோ எதுவானாலும் சரி. வண்டி போனதும் கொடுப்பதை நிறுத்துங்கள். நாளடைவில் வண்டிச் சத்தம் கேட்டதும் நாய் சாலையைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்க்கும். அப்போது நாலடி முன்னால் போய் உட்காருங்கள். மறுபடி குரைத்தால் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று பொருள், பின்னால் நகருங்கள். அவசரப்படாமல் சில வாரங்கள் செய்தால் வண்டி என்பது விரட்ட வேண்டியது என்ற நினைப்பு மாறும்.

எச்சரிக்கைக் குரைப்பை அழிக்கக் கூடாது. அதற்கு ஒரு முடிவு வைக்க வேண்டும். நாய் குரைத்தால் எழுந்து போங்கள். அது பார்க்கும் திசையைப் பாருங்கள். பார்த்தாயிற்று என்று அதற்குத் தெரியட்டும். பிறகு கத்தாமல், சாதாரணக் குரலில் “போதும்” என்று சொல்லி மூக்கருகே ஒரு துண்டைக் காட்டுங்கள். மோந்து பார்க்க வேண்டுமானால் குரைப்பை நிறுத்தியாக வேண்டும். வாய் மூடியதும் இரண்டு எண்ணிக்கை பொறுத்துக் கொடுங்கள். அடுத்த தடவை ஐந்து, பிறகு பத்து. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா “போதும்” என்றும், அம்மா “சும்மா கெட” என்றும், பிள்ளைகள் “உஸ்” என்றும் சொன்னால் நாய் எதைப் படிக்கும்? பழகிவிட்ட நாய் மூன்று தடவை குரைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். நீங்கள் சொல்லியும் நிறுத்தாமல் குரைத்தால் அன்றைக்குக் கட்டாயம் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அப்படிப்பட்ட நாய்தான் காவல் நாய்.

சோறு கேட்டும் விளையாட்டுக் கேட்டும் குரைப்பதற்கு மருந்து ஒன்றே: குரைத்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் கொடுக்காதிருப்பது. பார்க்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். திட்டும்கூட அதற்குக் கவனிப்புதான். அமைதியான அடுத்த நொடியில் கொடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இதைத் தொடங்கிய சில நாட்களில் குரைப்பு குறையாது, கூடும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று நாய் பலமாகக் குரைத்துப் பார்க்கும். பலர் அங்கேதான் தோற்கிறார்கள். அந்தக் கட்டத்தில் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால், நீண்ட நேரம் குரைத்தால்தான் கிடைக்கும் என்ற புதிய பாடத்தை நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். பாட்டி, பேரன், விருந்தாளி என வீட்டில் எல்லோரும் ஒத்துப்போனால்தான் இது நடக்கும்.

குட்டி வளர்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் வரை நாய்க்குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதெல்லாம் அதற்கு உலகம். பார்க்காததெல்லாம் பிறகு சந்தேகத்துக்குரியது. அந்த வயதில் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்தைக் காட்டுங்கள். குடை பிடித்தவர், தலையில் சுமை தூக்கியவர், எல்மெட் போட்டவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரையும் பார்க்கட்டும். தாயிடமிருந்து இரண்டு மாதத்துக்கு முன் பிரிக்காதீர்கள். “கட்டிப்போட்டு வளர்த்தால்தான் குட்டி மூர்க்கமாக வரும்” என்ற பேச்சு பல ஊர்களில் உண்டு. அப்படி வளர்வது மூர்க்கம் அல்ல, பயம். பயந்த நாய் ஆட்டுக்குட்டிக்கும் குரைக்கும், அமாவாசை இருட்டுக்கும் குரைக்கும், கடைசியில் வீட்டுப் பிள்ளையையே கடிக்கும்.

வாயைக் கயிற்றால் கட்டும் வழக்கத்தை மட்டும் எங்கே கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்ப்பதுபோல் நாய்க்கு வியர்க்காது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாயைக் கட்டினால் குளிர்ந்த மலையிலும் சூடேறிச் செத்துப்போகலாம். குரைத்தால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டைகள் இப்போது ஆன்லைனில் விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்க வேண்டாம். அதிர்ச்சி வந்த நேரத்தில் எதிரே நிற்பது உங்கள் பிள்ளையாக இருந்தால், வலி அந்தப் பிள்ளையால் வந்தது என்றே நாய் எண்ணும். பிரிட்டனில் வேல்சு நாடு இவற்றை 2010இலேயே தடை செய்துவிட்டது. அடியும் இதே வகைதான். அடிபட்ட நாய் குரைக்காமல் கடிக்கப் பழகும். முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும் நாயைவிட ஆபத்தானது வேறில்லை.

இனி நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எப்போதும் ஒரு மாதிரி குரைக்கும் நாயின் குரல் திடீரென்று மாறினால், கம்மிப் போனால், குரைப்பு பாதியில் ஊளையாக இழுத்தால், அது வெறிநோயின் அறிகுறியாக இருக்கலாம். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய்த் தொண்டைத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் குரல் மாறும், எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகும், தாடை தொங்கும். பார்க்கிறவர்கள் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடுகிறார்கள். அந்த எச்சிலில்தான் கிருமி இருக்கிறது. கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உயிருக்கே ஆபத்து. குரல் மாறிய நாயைத் தொடாதீர்கள். பிள்ளைகளை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச எண் 1962.

நாய் கடித்தாலோ, காயத்தில் நக்கினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால் இந்தக் கழுவல் உங்களுக்கு இன்னும் முக்கியம். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போடுங்கள். முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் தவறாமல் போட வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் அதற்கென்று தனி மருந்தும் உண்டு, மருத்துவர் சொல்வார். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். வரும் முன் தடுப்பதோ எளிது: நாய்க்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று.

மற்ற நோய்களும் குரைக்க வைக்கும். காதில் சீழ், பல் வலி, உண்ணி, மூட்டு வலி இருந்தால் நாய் எரிச்சலோடு குரைக்கும். வயதான நாய்க்குக் காது மந்தமாகும், கண் மங்கும், மனிதருக்கு வருவதுபோல் மறதியும் வரும். ராத்திரியில் இடம் தெரியாமல் சுவரைப் பார்த்துக் குரைக்கும். அதட்டாமல் படுக்கையைத் திண்ணைக்கு, ஆள் இருக்கும் பக்கம் மாற்றிப் போடுங்கள். பெட்டை பருவத்துக்கு வரும் நாட்களில் ஊர் நாய்களெல்லாம் கூடிக் கத்துவதைத் தடுக்கக் கருத்தடை அறுவைதான் வழி. கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்பது உண்மையல்ல.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. மாநிலங்களவையில் இதற்கான விதையைப் போட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதை வதை என்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் இருப்பதும் வதைதான் என்று நாயின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் தந்த வழிகாட்டுதல், குரைப்பது நாயின் இயல்பு என்பதை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஓயாத குரைப்பு பிறருக்குத் தொந்தரவு என்பதால் உரிமையாளர் அதைக் குறைக்க, முக்கியமாக ராத்திரியில், முயல வேண்டும் என்றும் சொல்கிறது. இரு பக்கத்துக்கும் பொறுப்பு உண்டு.

மலையில் தங்கும் இடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிறவர்களிடம் இரண்டு சொல் சொல்லுங்கள். வீடுகள் இருக்கும் இடத்தில் தேவையில்லாமல் ஆரன் அடிக்க வேண்டாம். கட்டியிருக்கும் நாயைச் சீண்டிப் படம் பிடிக்க வேண்டாம். வண்டியிலிருந்து பிசுக்கட்டு வீசுவதும் கூடாது. வீசிப் பழக்கினால் நாய் சாலைக்கு ஓடிவரும். அடிபடப் போவது உங்கள் ஊர் நாய்தான்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். இந்த வாரம் ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் நாய் எப்போது, எதைப் பார்த்து, எப்படிக் குரைக்கிறது என்று கேளுங்கள். மரத்தில் முடிந்திருக்கும் சங்கிலியை அவிழ்த்து, இழுத்துக் கட்டிய கம்பியின் வளையத்தில் மாட்டுங்கள். தடுப்பூசி போடாவிட்டால் போட்டுவிடுங்கள். ஊர்க்கூட்டம் கூடும்போது, நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் முகாம் மலைமேலேயே நடக்க வேண்டும் என்று ஊராட்சியிடமும் கால்நடைத் துறையிடமும் ஒரே குரலில் கேளுங்கள். ஒவ்வொரு நாயையும் வண்டியேற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோக எல்லாராலும் முடியாது. மருத்துவர் மேலே வருவதுதான் முறை.

உங்கள் நாய் உங்களுக்காகக் குரைக்கிறது. அந்தக் குரலை நம்பத் தகுந்ததாக வைத்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மலையின் அடிவாரத்துக்காரன்